புகையிலை மெல்லுவதும் வாய்ப்புற்றுநோயும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வாயில் ஒரு புண் ஆறவில்லை என்று பயந்துபோய்க் கேட்பவர்களும், அப்பாவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களும் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒளிக்காமல் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் படிக்கவே கஷ்டமாக இருக்கும். உங்கள் வாயை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கான முடிவு. சீக்கிரம் அவரிடம் போகவும், போன இடத்தில் என்ன கேட்பது என்று தெரிந்திருக்கவும் இது உதவும்.

நான் புகைப்பதே இல்லை, மெல்லுவது மட்டும்தான். அதில் எப்படிப் புற்றுநோய் வரும்?

பற்ற வைக்காமலேயே வரும். புகையிலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதும், புளிக்க வைக்கும்போதும், அப்புறம் கட்டிவைத்துக் கிடக்கும்போதும் அதற்குள்ளேயே நைட்ரோசமீன் என்ற வகை ரசாயனங்கள் உருவாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்று இரண்டு, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவை. மெல்லும்போது அவை எச்சிலில் கரைந்து நேராக வாயின் உள்தோலில் ஊறுகின்றன, செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுக்கின்றன. எப்போதோ ஒருமுறை கெட்டால் உடம்பு சரிசெய்துகொள்ளும். தினமும் பத்து முறை, அதே இடத்தில், இருபது வருடம் என்றால் எங்கோ ஒரு செல்லில் சரியாகாத பழுது தங்கிவிடும், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

சுண்ணாம்பு சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று. சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்டுவதால் நிக்கோட்டின் உள்தோல் வழியாகச் சட்டென்று ரத்தத்தில் ஏறுகிறது. விட முடியாமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மெல்லும் புகையிலையை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லாத பொருட்கள்தான் அந்தப் பிரிவில் வரும். 2022-இல் உலகம் முழுக்கப் புதிதாக வாய்ப்புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர். அதில் சுமார் 1,20,000 பேருக்கு மெல்லும் புகையிலையும் பாக்கும்தான் காரணம் என்று அதே முகமை கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பேருக்கும் வராமலே தடுத்திருக்கலாம் என்பதுதான் இதில் மனசை அறுக்கிற விஷயம்.

புகையிலையை விட்டுவிட்டேன், இப்போது வெறும் பாக்கு மட்டும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பாக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது, 2004-இல் வந்த அறிக்கையிலிருந்தே. புகையிலை கலக்காதது என்று எழுதி விற்கும் பான் மசாலாவிலும் பாக்குதான் முக்கியச் சரக்கு. இரண்டையும் சேர்த்து மெல்லுவதைவிட அபாயம் குறைவு என்பது உண்மை, ஆனால் அபாயம் இல்லாதது என்று நினைத்து மாறிக்கொள்ளாதீர்கள். பாக்குக்கும் அடிமையாக முடியும். வாய் இறுகிப்போகும் நோய்க்கு முக்கியக் காரணமே பாக்குதான், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனையோ பேர் மெல்லுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை வருடம், எந்த வயதில் ஆரம்பித்தது, இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. அளவு கூடக் கூட அபாயம் கூடுகிறது. பதினைந்து வயதில் ஆரம்பித்தவருக்கு நாற்பது வயதிலேயே இருபத்தைந்து வருடக் கணக்கு ஆகிவிடுகிறது. கடைவாயில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவது மிக மோசமான பழக்கம். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் குறைவு, விழுங்குவதும் குறைவு, அதனால் இரவு முழுக்க ஒரே இடத்தில் அது ஊறிக்கிடக்கும். எந்தப் பக்கம் அடக்குகிறாரோ அந்தப் பக்கத்துக் கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்திலும் பெரும்பாலும் கட்டி வருவது இதனால்தான்.

கூடவே மதுவும் புகையும் இருந்தால் அபாயம் கூட்டல் கணக்கில் போகாது, பெருக்கல் கணக்கில் போகும். மது உள்தோலை இளக்கி ரசாயனங்களை உள்ளே விடுகிறது, அது உடம்பில் மாறும் அசிட்டால்டிஹைடும் தனியாகக் கெடுதல் செய்கிறது. காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிடுவதும் ஒரு பங்கு. கூரான பல் அல்லது பொருந்தாத பல்செட் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருப்பது, பல் ஈறு சுத்தமில்லாதது ஆகியவை துணைக் காரணங்கள்தான். தனியாக அவற்றின் மேல் பழி போட்டுவிட்டுப் புகையிலையைத் தொடர்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எச்.பி.வி. வைரஸ் தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் பெரிய காரணம், வாய்க்குள் வரும் புற்றுநோயில் அதன் பங்கு சிறியது. பரம்பரையாக வரும் உடல்வாகும் ஓரளவு வேறுபாட்டைத் தரலாம், ஆனால் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் எதுவும் வழக்கத்தில் இல்லை.

எண்பது வயது வரை மென்ற தாத்தாவைக் காட்டாத குடும்பம் இல்லை. அவர் நம் கண்முன்னால் இருந்தார், அதனால் உதாரணம் ஆகிறார். நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டவர் உதாரணம் சொல்ல இல்லை.

வாயில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, வலியே இல்லை. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். துடைத்தால் போகாத, வேறு காரணம் சொல்ல முடியாத வெள்ளைப் படலத்துக்கு லூக்கோப்ளாக்கியா என்று பெயர். ஒரே சீராக, மெல்லியதாக இருப்பவற்றில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, மெல்லுவதை நிறுத்தினாலே பல திட்டுகள் சுருங்கும், சில மறைந்தே போகும். மேடுபள்ளமாக, பருபருவென்று, நடுநடுவே சிவப்பாக இருப்பவைதான் கவலைக்குரியவை. வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதை எடுத்துப் பரிசோதித்தால் பெரும்பாலும் செல்கள் ஏற்கெனவே மோசமாக மாறியிருக்கும், சிலருக்குப் புற்றாகவே இருக்கும்.

வாய் முன்பு போலத் திறக்கவில்லை, காரம் பட்டாலே எரிகிறது. இது என்ன?

பாக்கு போடுபவர் இதைச் சொன்னால் முதலில் நினைக்க வேண்டியது சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ், மேலே சொன்ன வாய் இறுகும் நோய். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. பாக்கில் இருக்கும் செம்பு அந்த நாரை மேலும் முறுக்கேற்றிக் கெட்டியாக்குகிறது. கன்னம் உள்பக்கம் வெளிறி, தொட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். முதலில் எரிச்சல், அப்புறம் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விட முடியாத நிலை, அப்புறம் ஒரு விரல் நுழைவதே கஷ்டம்.

கேரளத்தில் இந்த நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. உண்டான நாரை முழுசாகக் கரைக்கும் மருந்து கிடையாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது நிற்க வாய்ப்பு உண்டு, வாய்ப் பயிற்சியும் ஊசி மருந்தும் ஓரளவு திறக்க உதவும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது: வாயே திறக்காதவருக்குப் புற்று வந்தால் உள்ளே பார்த்துக் கண்டுபிடிப்பதே சிரமம், அதனால் தாமதமாகிறது.

எதைப் பார்த்தால் உடனே போக வேண்டும்?

மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும். அவ்வளவுதான் விதி. வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காமல் இருப்பதுதான் வழக்கம். இதோடு, தடிப்பு அல்லது கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் சதை வளர்வது, நாக்கு அசைக்கச் சிரமம், உதட்டில் மரத்துப்போவது, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கெட்டியாக நெறிகட்டுவது.

சும்மா கண்ணால் பார்ப்பதற்கே எவ்வளவு பலன் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு சாட்சி. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. விலை உயர்ந்த மெஷின் எதுவும் இல்லை, வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான்.

பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. இந்தப் பயத்தால் எத்தனை பேர் மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போட்டு, களிம்பும் கஷாயமும் தடவி, கட்டி தாடை எலும்புக்குப் போன பிறகு வருகிறார்கள் என்பதை மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துண்டு சதை எடுப்பதுதான் பயாப்ஸி. அது இல்லாமல் புற்றுநோய் என்று உறுதி செய்யவும் முடியாது, சிகிச்சை தொடங்கவும் முடியாது. பயாப்ஸி எடுத்த பிறகு கட்டி பெரிதானதாகத் தெரிந்தால், அதற்குள் ஓடிப்போன வாரங்கள்தான் காரணம்.

ரிசல்ட் வந்துவிட்டது. பிழைப்பாரா?

இதைக் கேட்பவருக்கு ஒரு எண் வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் எண் ஸ்டேஜை, அதாவது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டி 2 செ.மீ.க்குள், ஆழம் 5 மி.மீ.க்குள், கழுத்துக்குப் போகவில்லை என்றால் முதல் ஸ்டேஜ். நல்ல சிகிச்சை கிடைத்தால் ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் இருப்பார்கள். நான்காம் ஸ்டேஜில் இது பத்துக்கு மூன்று, நான்கு, அதற்கும் கீழே என்று இறங்குகிறது. இடத்துக்கு இடம் மாறும், ஆளுக்கு ஆள் மாறும், எந்தச் சதவீதமும் உங்கள் அப்பாவுக்கென்று எழுதியது இல்லை.

பிழைக்கும் வாய்ப்பைக் குறைப்பவை எவை என்று தெரிந்துகொண்டால் மருத்துவரிடம் சரியாகக் கேட்கலாம். முதலாவது கழுத்து நிணநீர் முடிச்சு, அதாவது நெறிகட்டும்போது கையில் தட்டுப்படும் சின்ன முடிச்சு. அங்கே பரவியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. முடிச்சின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் இன்னும் மோசம். அடுத்தது ஆழம். பரப்பில் சின்னதாக இருந்தும் ஆழமாக இறங்கிய கட்டி ஆபத்தானது, அதனால்தான் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஸ்டேஜ் முறையில் ஆழத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஆபரேஷனில் கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து எடுத்தார்களா, ஓரம் சுத்தமாக 5 மி.மீ. அளவாவது இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா, இதெல்லாம் எடுத்த சதையைப் பரிசோதித்து ஆபரேஷனுக்குப் பிறகு தரும் பேதாலஜி அறிக்கையில் இருக்கும். அந்த அறிக்கையின் நகலைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னம், ஈறு பள்ளத்தில் வரும் கட்டிக்குப் பக்கத்திலேயே தாடை எலும்பும், மெல்லும் தசைகளும், வெளித்தோலும் இருக்கின்றன. எலும்புக்குள் ஊடுருவினாலே நான்காம் ஸ்டேஜ் என்று எழுதிவிடுவார்கள். இதை நிறுத்தி வாசியுங்கள், ஏனென்றால் நான்காம் ஸ்டேஜ் என்றதும் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்புற்றில் நான்காம் ஸ்டேஜிலேயே பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் உள்ளவர்கள் பலருக்கு ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் நோக்கத்தோடே சிகிச்சை நடக்கிறது. நுரையீரல் போன்ற தூர இடத்துக்குப் போனது கடைசிப் பிரிவு. எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

கழுத்தில் கட்டியே தெரியவில்லை, ஆனாலும் கழுத்திலும் ஆபரேஷன் என்கிறார்கள். தேவையா?

பெரும்பாலும் தேவை. ஸ்கேனில் தெரியாத நுண்ணிய பரவல் முடிச்சுகளுக்குள் இருக்கலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ஆரம்ப நிலை வாய்ப்புற்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதலிலேயே கழுத்து முடிச்சுகளை எடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குப் பிறகு வந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், மூன்று ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம். உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வு அது.

சிகிச்சை எப்படி இருக்கும்? அப்புறம் பேச, சாப்பிட முடியுமா?

வாய்க்குள் வரும் புற்றுக்கு முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். எடுத்த இடத்தை மூட முன்கை, தொடை, நெஞ்சுப் பகுதியிலிருந்து சதை வைப்பார்கள். தாடை எலும்பு போனால் காலின் மெல்லிய எலும்பை எடுத்துத் தாடையாகப் பொருத்துவார்கள். அறிக்கையைப் பொறுத்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் ஆரம்பிக்க வேண்டும், பொதுவாக வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஓரத்தில் கட்டி மிச்சமிருந்தால் அல்லது முடிச்சின் உறை கிழிந்திருந்தால் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து.

ரேடியேஷனுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கெட்டுப்போன பல்லை முன்பே எடுத்து, புண் ஆற இரண்டு வாரம் விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. வாய் வறட்சி, ருசி போவது, வாய் இறுகுவது எல்லாம் வரும். வாய் திறக்கும் பயிற்சியை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். பெரும்பாலானவர்கள் பேசுவார்கள், மெல்ல மெல்லச் சாப்பிடுவார்கள். பழையபடி இருக்குமா என்றால், சின்ன கட்டி என்றால் கிட்டத்தட்ட, பெரிய கட்டி என்றால் இல்லை.

வந்தே விட்டது. இனி விட்டு என்ன பயன்?

நிறைய. புண் நன்றாக ஆற வேண்டும், ரேடியேஷனைத் தாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அடுத்த புற்று வரக் கூடாது. பல வருடம் ஊறிய வாயில் ஒரு இடம் மட்டும் கெட்டிருக்காது, பார்க்க நல்லதாகத் தெரியும் இடத்திலும் செல்கள் பாதி வழி வந்திருக்கும். 1953-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு கட்டியை முழுசாக எடுத்த பிறகும் மறுபக்கக் கன்னத்தில் புதிதாக இன்னொன்று வருகிறது. தொடர்ந்து மெல்லுபவர் அதற்கு வழி திறந்து வைக்கிறார்.

நிறுத்தியதும் அடுத்த நாளே அபாயம் போய்விடாது. வருடக்கணக்கில் மெல்ல இறங்கும், மெல்லாதவர் அளவுக்கு வர நீண்ட காலம் ஆகும். அதனால் விட்டவரும் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படி விடுவது? பலமுறை முயன்று தோற்றுவிட்டார்.

மன உறுதி இல்லாதவர் என்று திட்டாதீர்கள். நிக்கோட்டின் அடிமைத்தனம் உடம்பில் இருக்கிறது. முதல் மூன்று நாள் மிகக் கடினம், எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு தடவை ஆசை வரும்போதும் சில நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும். நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். வாயில் புண்ணோ இறுக்கமோ இருப்பவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம் சரிப்படாது. ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை மருத்துவர் எழுதித் தர வேண்டியது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும். விட்டவர் மறுபடி ஆரம்பித்தால் அது வழக்கமாக நடப்பதுதான், திரும்ப நாள் குறியுங்கள்.

குணமாகிவிட்டது. திரும்ப வருமா?

வரலாம், அப்படி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். ஆகவே முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூட்டி, ஐந்து வருடத்துக்குப் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், பலருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துபோய்க் காரணம் தெரியாமலே சோர்ந்து கிடப்பார்கள்.

முற்றிய நிலை, ஆபரேஷன் முடியாது என்றுவிட்டார்கள். ஒன்றுமே இல்லையா?

குணப்படுத்த முடியாது என்பது வேறு, ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இமியூனோதெரபி, கீமோ, வலி தணிக்கும் ரேடியேஷன் உண்டு. குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் மாத்திரைகளை வீட்டிலேயே தரும் முறையும் இருக்கிறது. அதை ஊசியாகத் தரும் சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்ட இந்திய ஆய்வில் மாத்திரைக் குழு சராசரியாக 7.5 மாதம், ஊசிக் குழு 6.1 மாதம் வாழ்ந்தது. மாதக் கணக்குதான், மறைக்கவில்லை. வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவை முதல் நாளிலேயே கேளுங்கள். வாய்வழி மார்ஃபின் முறையாகக் கொடுத்தால் இந்த வலியைப் பெருமளவு அடக்கலாம். வலியோடு யாரும் கிடக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒருவர் வாயைக் காட்டவே மறுக்கிறார். என்ன செய்வது?

புற்றுநோய் டாக்டர் என்றால் வர மாட்டார்கள், பல் டாக்டர் என்றால் வருவார்கள். அங்கேயே ஆரம்பியுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, அவர் அடக்கும் பக்கத்துக் கடைவாய், ஈறு பள்ளம், நாக்கின் ஓரமும் அடியும் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மெல்லுகிறார், எத்தனை வருடம், தூக்கத்திலும் அடக்குகிறாரா என்பதை அவர் குறைத்துச் சொன்னால் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை எழுதித் தந்து அனுப்பினாலும் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் அதே டாக்டரிடம் பயாப்ஸி வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், அவர் தயங்கினால் வேறொருவரிடம் போங்கள்.